சாப்பிட அடம் பிடிக்கும் பிள்ளை: ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், ஐந்து கைகள்

எங்கள் பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது இரண்டு மாதம். ஒரு வேளைச் சோறு ஊட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மாடிப்படி ஏறி, தெருவில் இறங்கி, எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியைக் காட்டி, அதுவும் சலித்த பிறகு கையில் போனைக் கொடுத்து, வாய் திறக்கும் நேரம் பார்த்து ஒரு உருண்டை. அதையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். எட்டு மாதம் இப்படி ஓடியது. அதற்குள் தொக்கம் (தொண்டையிலோ வயிற்றிலோ மாட்டிக்கொண்டதாகச் சொல்லப்படும் சாப்பாடு) எடுத்தாயிற்று, தாயத்து கட்டியாயிற்று, மூன்று பாட்டில் பசி டானிக் உள்ளே போயாயிற்று. அவள் சாப்பிடவில்லை. நான்தான் அவள் மிச்சம் வைத்ததையெல்லாம் சாப்பிட்டு நான்கு கிலோ ஏறினேன்.

இப்போது அவள் அரை மணி நேரத்தில் தானே சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள். இதற்குப் பத்து வாரம் ஆனது. அந்தப் பத்து வாரத்தில் நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் இருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூர். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பாப்பா. வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நான் படித்த குறிப்புகள் எல்லாம் அம்மா, அப்பா, குழந்தை என்று மூன்று பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு எழுதியவை. நம் வீடுகளில் ஒரு வாய்க்கு ஐந்து கை நீளும். சிக்கலே அங்கேதான் இருந்தது என்று எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று.

ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். புதுச் சாப்பாட்டைக் கண்டால் முகம் திருப்புவது இந்த வயதில் இயல்பு.

1. சோற்றை அளக்காதீர்கள், பிள்ளையை நிறுத்துப் பாருங்கள்

"துரும்பா இளைச்சுட்டா" என்று யார் சொன்னாலும் முதலில் எடை மெஷினில் ஏற்றுங்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கிறார்கள், செலவு கிடையாது. கர்ப்பமாக இருந்தபோது கொடுத்த தாய் சேய் நல அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். தடுப்பூசிப் பக்கத்தோடு நாம் அதை மூடிவிடுகிறோம். உள்ளே ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் தனித்தனியாக வளர்ச்சிக் கோட்டுப் படம் இருக்கும். பச்சைப் பட்டையில் இருந்தால் எடை சரி, மஞ்சள் என்றால் குறைவு, ஆரஞ்சு என்றால் மிகக் குறைவு. ஒரு புள்ளியை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் மூன்று மாதப் புள்ளிகளைக் கோடு போட்டுச் சேர்த்துப் பாருங்கள். கோடு மேலே போனால் மூச்சு விடலாம். படுத்துவிட்டாலோ இறங்கினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எங்கள் பாப்பா 12.4 கிலோ. ஒல்லிதான், ஆனால் பச்சைக்குள் இருந்தாள்.

இங்கே ஒரு கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தால் பாதி வீட்டில் சண்டை நின்றுவிடும். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை முதல் பிறந்த நாளுக்குள் ஒன்பது கிலோவை எட்டிவிடும். அதாவது ஒரே வருடத்தில் ஆறு கிலோ. இரண்டாவது வருடத்தில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோ. அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோ அளவுதான். வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறையும். "கைக்குழந்தையா இருந்தப்ப எவ்ளோ நல்லா சாப்ட்டா" என்று மாமியார் சொன்னது பொய்யில்லை. அந்தப் பசி திரும்ப வராது என்பதுதான் அவருக்கும் எனக்கும் தெரியவில்லை.

2. ஏழு நாள் நோட்டு

வேறு எந்தப் படியைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள். இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு தூங்கும் வரை வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். சாப்பாட்டை மட்டும் எழுதினால் பயனில்லை. தண்ணீர் தவிர எல்லாம்: தாத்தா காபியில் தொட்டுக் கொடுத்த பிஸ்கெட், பூஜையில் வைத்த கல்கண்டு, பக்கத்து வீட்டில் நீட்டிய முறுக்கு, கடைக்குத் தூக்கிப் போனவர் வாங்கிக் கொடுத்த பத்து ரூபாய் பாக்கெட். நான்கு பத்திகள் போதும்: நேரம், என்ன, எவ்வளவு, யார் கொடுத்தது. நான்காவது பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் அதைக் குற்றப்பத்திரிகை மாதிரி ஆக்கிவிடாதீர்கள். நான் ஆக்கினேன், இரண்டு நாள் வீட்டில் பேச்சு நின்றது.

எங்கள் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது:

காலை 6.30, பால் 200 மி.லி. (நான்)
7.00, காபியில் தொட்டு இரண்டு பிஸ்கெட் (தாத்தா)
8.30, அரை இட்லி, போனோடு, 50 நிமிடம் (நான்)
10.00, பால் 200 மி.லி., "காலையில ஒண்ணும் சாப்பிடல" என்று (ஆயா, அதாவது என் மாமியார்)
11.15, பாக்கெட் சிப்ஸ் பாதி (தாத்தா)
12.15, வாழைப்பழம் (ஆயா)
1.00, பருப்புச் சோறு நான்கு உருண்டை, 75 நிமிடம் (நான், பிறகு ஆயா)
3.30, பால் 200 மி.லி.
5.30, இரண்டு பிஸ்கெட், எதிர்வீட்டில் முறுக்கு
8.00, தோசை கால் பங்கு
9.30, பால் 200 மி.லி., "வெறும் வயித்தோட தூங்கக் கூடாது" என்று (அப்பா)

பாலையும் அதில் போட்ட சர்க்கரையையும் மட்டும் கூட்டினேன். 800 மி.லி. பால், எட்டு ஸ்பூன் சர்க்கரை, கிட்டத்தட்ட 600 கலோரி. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையே ஆயிரம், ஆயிரத்து நூறு கலோரிதான். அதாவது பாதிக்கு மேல் டம்ளரிலேயே முடிந்துவிட்டது. பிஸ்கெட், சிப்ஸ், முறுக்கைச் சேர்த்தால் சோற்றுக்கு எங்கே இடம்? "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறா" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு நாளைக்குப் பதினோரு முறை வாயைத் திறந்திருக்கிறாள். மதியச் சோறு வரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வயிறு சும்மா இருக்கவே இல்லை. பசி வரவே நாங்கள் விடவில்லை.

உங்கள் நோட்டில் வேறு கதை வரலாம். என் தோழி ஒருத்தி வீட்டில் பால் பிரச்சினையே இல்லை. பிள்ளைக்கு நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை என்பது நோட்டில்தான் தெரிந்தது. மலச்சிக்கல் இருந்தால் பசி மட்டுப்படும். ஆகவே அதையும் நோட்டில் ஒரு ஓரமாகக் குறித்து வையுங்கள். பால் அதிகமாகி, காய், பழம், தண்ணீர் குறைந்த பிள்ளைகளுக்கு இது ரொம்பவும் சகஜம்.

3. டாக்டரிடம் ஒருமுறை, கையில் காகிதத்தோடு

எல்லாப் பிள்ளைக்கும் டாக்டர் தேவையில்லை. ஆனால் இவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற படிகளை ஒதுக்கிவிட்டு முதலில் போங்கள்: எடைக் கோடு மூன்று மாதமாக ஏறவில்லை, கெட்டியான எதைக் கொடுத்தாலும் குமட்டுகிறது, புரையேறுகிறது, விழுங்கும்போது வலி என்கிறது, சாப்பிடும் வகைகள் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்து பத்துப் பன்னிரண்டில் நிற்கின்றன, பச்சரிசி, மண், சுவர்ச் சுண்ணாம்பு என்று தின்கிறது. கடைசியில் சொன்னதை "எல்லாப் பிள்ளையும் செய்யறதுதான்" என்று விடாதீர்கள், பெரும்பாலும் அது ரத்தசோகையின் அடையாளம். பல் சொத்தை, வாய்ப்புண் இருக்கிறதா என்று வீட்டிலேயே டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, ஏழு நாள் நோட்டு, இதுவரை கொடுத்த டானிக், சிரப் எல்லாவற்றின் அட்டைப் பெட்டிகள் (பெயர் மறந்துவிடும், பெட்டியையே எடுத்துப் போங்கள்), பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தால் அது. அரசு மருத்துவமனை என்றால் உங்கள் ஆதார், பிள்ளைக்கு எடுத்திருந்தால் அந்த நீல நிற ஆதார். மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ போதும். எடுத்த எடுப்பில் பாண்டி பஸ் ஏறி ஜிப்மருக்கு ஓட வேண்டாம், அனுப்பினால் போகலாம். அப்படிப் போவதானால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். ஓ.பி. சீட்டு காலையில்தான் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் மத்திய அரசு விடுமுறை நாட்களும் ஓ.பி. கிடையாது.

நான் முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். "சாப்பிட மாட்டேங்குறா டாக்டர்" என்றேன், இரண்டு நிமிடத்தில் டானிக் சீட்டோடு வெளியே வந்தேன். நோட்டோடு வேறொருவரிடம் போனபோது அவர் பால் கணக்கைப் பார்த்துவிட்டு ரத்தம் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.8. இந்த வயதுக்கு 11-க்குக் கீழே போகக் கூடாது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பால் வயிற்றை நிறைத்தால் இரும்பு உள்ள சாப்பாடு உள்ளே போகாது. இரும்பு குறைந்தால் பசி குறையும். பசி இல்லையே என்று நாம் இன்னும் ஒரு டம்ளர் பால் கொடுப்போம். செக்கு மாடு மாதிரி இதையேதான் சுற்றிக்கொண்டிருந்தோம்.

இரும்பு சிரப் கொடுத்தால் மூன்று விஷயம் நினைவிருக்கட்டும். பாலோடு கொடுக்காதீர்கள், சத்து உடலில் சேராது. கொய்யா, ஆரஞ்சு, நெல்லிக்காய்ச் சாறு எதனோடாவது கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பல்லில் கறை பிடிக்கும், கொடுத்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள்.

பூச்சி மாத்திரையை மறக்காதீர்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று. சின்னப் பிள்ளைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டு, அட்டையில் விட்டுப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்து வயது வரை உண்டு.

4. காசும் பிள்ளையும் போகும் குழிகள்

தொக்கம். கடலூர், விழுப்புரம், பாண்டிப் பக்கம் இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. "மூணு மாசத்துக்கு முன்ன சாப்ட்டது மாட்டிக்கிச்சு" என்று வாயில் ஊதி, தொண்டையைத் தடவி, ஒரு துண்டு பருப்போ சதையோ எடுத்துக் காட்டுவார்கள். சாப்பிட்ட சோறு இரைப்பையில் இருப்பது சில மணி நேரம்தான். மூன்று மாதப் பருப்பு அங்கே முழுசாக உட்கார்ந்திருக்க வழியே இல்லை. அழுகிற பிள்ளையின் வாய்க்குள் கையோ குழாயோ போனால் தொண்டை கிழியும், புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். நானும் இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனவள்தான். இரண்டாவது தடவைக்குப் பிறகு ஸ்பூனைப் பார்த்தாலே பாப்பா வாயை இறுக்கிக்கொண்டாள். அதைச் சரிசெய்ய மட்டும் மூன்று வாரம் ஆனது.

பசி டானிக். பெட்டியின் பின்பக்கம் சைப்ரோஹெப்டடின் என்று இருந்தால், அது அலர்ஜிக்கான மருந்து. பசியைத் தூண்டுவது பக்க விளைவு, தூக்கம் இன்னொரு பக்க விளைவு. மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது. நிறுத்தியதும் பசி பழையபடி ஆகிவிடும்.

ஊட்டபானப் பொடி. டப்பாவின் பின்னால் சர்க்கரை எத்தனை கிராம் என்று படியுங்கள், போதும். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் வைக்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களிடம் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. அங்கன்வாடி சத்துமாவு கிடைத்தால் அதைக் கஞ்சியாகக் காய்ச்சாமல் உருண்டையாகவோ அடையாகவோ செய்து பாருங்கள்.

என் கணக்கு: தொக்கம் 200, டானிக் 330, பொடி இரண்டு டப்பா 760, தாயத்து 300, படம் போட்ட தட்டு ஸ்பூன் செட் 650. மொத்தம் 2,240 ரூபாய், எதற்கும் பலன் இல்லை. பலன் தந்த செலவு: டாக்டர் இருமுறை 700, ரத்தப் பரிசோதனை இருமுறை 400, சிரப் மூன்று பாட்டில் 285, நோட்டு 20. மொத்தம் 1,405. அரசு மருத்துவமனைக்கே போயிருந்தால் இதிலும் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

5. பெரியவர்களிடம் பேசுவது

பிள்ளையைத் திருத்துவதைவிட இது கஷ்டம். மாமியாரிடம் "பால் குடுக்காதீங்க அத்தை" என்று நான் சொன்னபோது, "நான் நாலு பிள்ளையை வளத்தவ" என்று பதில் வந்தது. அதற்கு என்ன மறுபேச்சு இருக்கிறது? நாலு பிள்ளையைத்தான் வளர்த்திருக்கிறார்.

கடைசியில் வேலை செய்தது மூன்று. ஒன்று, டாக்டரிடம் அவரையும் கூட்டிப்போனது. 9.8 என்பதை நான் சொல்வதும் டாக்டர் சொல்வதும் ஒன்றாகுமா? இரண்டு, தடை போடுவதற்குப் பதில் பொறுப்பைக் கையில் கொடுத்தது. "10.30 மணிக்கு என்ன குடுக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க அத்தை, பாலும் பிஸ்கெட்டும் மட்டும் வேணாம்" என்றேன். மறுநாளே அவித்த பனங்கிழங்கு வந்தது, அடுத்த நாள் வேர்க்கடலையை இடித்து வெல்லம் சேர்த்த உருண்டை. எனக்குத் தோன்றியே இருக்காது. மூன்று, தாத்தாவின் வெளி உலா. கடைத் தெருப் பக்கம் போகாமல் சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்சுக்குக் கூட்டிப்போகச் சொன்னோம். அங்கேயும் சுண்டல் விற்கும்தான். பஜ்ஜிக்கு அது மேல்.

ஒப்பந்தம் ஒரு வரிதான்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பாடு; எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பாப்பா பாடு. இதை ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டினேன். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பதை எல்லோரும் விட வேண்டும். மிரட்டல், பூச்சாண்டி, "சாப்பிட்டா ஐஸ்கிரீம்" எல்லாம் இதில் அடக்கம். ஐஸ்கிரீமைக் கூலியாகக் கொடுத்தால் சோறு தண்டனை என்று நாமே சொல்லிக் கொடுப்பதாகிவிடும்.

6. கடிகாரம்

இதை ஒரு திங்கட்கிழமை தொடங்குங்கள். அந்த வாரம் விருந்தாளி, ஊர்ப் பயணம், காய்ச்சல் எதுவும் இருக்கக் கூடாது.

காலை 8.00: இட்லியோ தோசையோ பொங்கலோ, முடிந்ததும் பால் 200 மி.லி.
10.30: பழம், கிழங்கு, சுண்டல் (சிரப் இருந்தால் இப்போது)
1.00: மதியச் சோறு
4.00: பால் 200 மி.லி., கூட ஏதாவது
7.00: இரவுச் சாப்பாடு

நடுவில் தண்ணீர் மட்டும். ஒரு நாளைக்குப் பால் 400 மி.லி., மிஞ்சினால் 500. ஒரேயடியாக 800-லிருந்து இறக்க வேண்டாம். முதல் வாரம் இரவுப் பாலை 100 ஆக்கினோம், இரண்டாம் வாரம் நிறுத்தினோம், பிறகு விடியற்காலைப் பால். சர்க்கரையை வாரம் கால் ஸ்பூனாகக் குறைத்தால் பிள்ளைக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத்தான் தெரிந்தது.

ஒரு வேளைக்கு 30 நிமிடம். முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல். அடுத்தது இரண்டரை மணி நேரம் கழித்துத்தான். அரை மணியில் "பசிக்குது" என்று அழுவாள். அப்போது பிஸ்கெட் டப்பாவைத் திறந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். முதல் நான்கு நாள் பாப்பா மதியம் இரண்டு உருண்டையோடு எழுந்தாள். ஐந்தாம் நாள் 12.45-க்கே அடுப்படிக்கு வந்து "சோறு ஆச்சா?" என்று நின்றாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. மாமியார் என்னைப் பார்க்காமல் திரும்பி நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

7. தட்டில் எவ்வளவு

வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது நல்ல அளவு. மூன்று வயது என்றால் சோறு மூன்று, பருப்பு மூன்று, காய் ஒன்றிரண்டு. குவித்து வைத்தால் பார்த்ததும் வயிறு நிறைந்துவிடும். குறைவாக வைத்து, கேட்டால் போடுங்கள்.

அவளுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் ஆக்கியதே தட்டில் வரட்டும், ஆனால் அதில் அவள் நிச்சயம் சாப்பிடும் ஒன்று இருக்கட்டும். எங்களுக்கு அது தயிர். காரத்தைத் தாளிப்பதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடலாம்.

தரையில் பாய் போட்டு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள், அவள் கையாலேயே எடுத்துச் சாப்பிடட்டும். சிந்தும். பழைய பேப்பரை விரித்து வையுங்கள். பெரியவர்கள் தட்டையும் பிள்ளை பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் கத்தரிக்காயை ஓரம் தள்ளுவதைப் பார்த்துத்தான் இவளும் தள்ளினாள். "ஏங்க, அவ எதிர்லயாவது ஒண்ணு வாயில போடுங்க" என்றால், "எனக்குப் பிடிக்காதே" என்கிறார். முப்பத்தாறு வயசு.

8. போனை எடுப்பது

படிப்படியாகக் குறைக்க நினைத்தேன், நடக்கவில்லை. ஒரே நாளில் நிறுத்துங்கள், ஆனால் வீட்டில் எல்லோருடைய போனும், டிவியும் சேர்த்து. மூன்று நாள் அழுகை. இரவு 7 மணிக்கு சீரியல் என்றால் சாப்பாட்டை 6.30-க்கு வையுங்கள், சீரியலோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.

9. புதுச் சாப்பாட்டை அறிமுகம் செய்வது

கடிகாரம் பழகி மூன்று வாரம் ஆன பிறகு இதற்கு வாருங்கள். நான் அவசரப்பட்டு முதல் வாரமே முருங்கைக்கீரையை வைத்து இரண்டையும் கெடுத்துக்கொண்டேன்.

ஒரு புதுப் பொருளைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்திலிருந்து பதினைந்து தடவைகூட ஆகும். நாம் மூன்றாம் தடவையிலேயே "இது அவளுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வாரத்தில் இரண்டு நாள், ஒரு ஸ்பூன் அளவு, தட்டின் ஓரத்தில். தொட்டாலும் சரி, மோந்து பார்த்தாலும் சரி, துப்பினாலும் சரி, அதுவும் ஒரு தடவைதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கேரட் பொரியலுக்கு ஒன்பது கோடு, முட்டை மஞ்சள் கருவுக்குப் பதினொன்று. பாகற்காய்க்கு இருபது தாண்டியும் ஆகவில்லை, விட்டுவிட்டேன்.

மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவது நல்லது. பான்பரி மார்க்கெட்டில் அவளே பொறுக்கிய நான்கு பீன்ஸை அவளே உடைத்தாள், அன்றைக்கு அதில் இரண்டைத் தின்றாள்.

மீனுக்குக் கொஞ்சம் திட்டம் வேண்டும். முள் குறைவான கிழங்கான் மீனில் தொடங்குங்கள், குழம்பில் போடாமல் லேசாக மிளகு தடவி வறுத்து, விரலால் பிசைந்து முள் பார்த்து. இரண்டு கண் பார்ப்பது நல்லது. நான் ஒருமுறை, மாமியார் ஒருமுறை. சுறாப் புட்டில் முள் தொல்லை இல்லைதான், ஆனால் சுறா பெரிய மீன், உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும், வாராவாரம் வேண்டாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் பெரிய விசைப்படகு மீன் இருக்காது, கிடைப்பதும் விலை ஏறிக் கிடக்கும். அதனால் மீன் பழக்குவதை ஜூலைக்குத் தள்ளி வையுங்கள். தடைக்காலம் பலாப்பழ நேரம். பண்ருட்டிப் பலாக்கொட்டையை அவித்து மசித்துக் கொடுத்தால் உருளைக்கிழங்கு மாதிரியே போகும்.

முந்திரி, வேர்க்கடலை, முழு திராட்சை எதையும் ஐந்து வயது வரை முழுசாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் அடைக்கும். பொடித்து, இடித்து, திராட்சை என்றால் நீளவாக்கில் நறுக்கி.

கேழ்வரகு எங்கள் வீட்டில் ஏழு தடவை தோற்றது. களி வேண்டாம், அடை வேண்டாம், கஞ்சி சுத்தமாக வேண்டாம். ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தபோது தெருப் பிள்ளைகளெல்லாம் தூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இவளும் ஒரு சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முருங்கைக்கீரையைத் தொட்டுக்கொண்டு அரைச் சொம்பு கூழ் குடித்துவிட்டு வந்தாள். வீட்டில் அதே கேவுரு மாவுதான். அங்கன்வாடியில் சாப்பிடும் பிள்ளை வீட்டில் சாப்பிடாதது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. பக்கத்தில் அதே உயரத்தில் நான்கு பேர் சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் எங்கள் வீட்டில் சாப்பிட வைக்கிறேன். ஆறு முட்டை செலவு.

10. எத்தனை நாள் ஆகும்

எங்களுக்கு ஆனது: முதல் வாரம் அழுகை, இரண்டாம் வாரம் பசி, மூன்றாம் வாரம் சளி பிடித்து எல்லாம் பழையபடி, நான்காம் வாரம் மறுபடி முதலிலிருந்து, ஆனால் மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். ஆறாம் வாரம் போன் ஞாபகமே இல்லை. பத்தாம் வாரம் எடை 12.8. நானூறு கிராம் என்று கேட்டால் சின்னதாகத் தெரியும். இந்த வயதுக்கு மாதம் 170 கிராம் ஏறினாலே போதும். மூன்று மாதம் சிரப் கொடுத்து மறுபடி ரத்தம் பார்த்தபோது 11.2.

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு நாட்களில் கடிகாரத்தை மூட்டை கட்டி வையுங்கள். கேட்டதைக் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, நீராகாரம் அதிகமாக. சரியான மறுவாரம் பசி இரட்டிப்பாக வரும், அதை விடாதீர்கள்.

கல்யாணம், காதுகுத்து, மாசி மகத்துக்கு வரும் சொந்தம் என்று எல்லாம் வரும். பந்தியில் "என்ன, பிள்ளைக்கு ஒண்ணுமே ஊட்டல?" என்று பெரியம்மா முறையில் ஒருவர் நிச்சயம் கேட்பார். போன மாதம் பாண்டியில் ஒரு கல்யாணத்தில் பாப்பா இரண்டு அப்பளம், ஒரு கிண்ணம் பாயசம், இலையில் இருந்த உப்பு, அவ்வளவுதான் சாப்பிட்டாள். சிரித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை 8 மணிக்கு வழக்கம்போல இட்லி வைத்தேன்.